மூன்றாம் கிரேடு பியானோ தேர்வுக்கு ஏழு புத்தகங்கள் வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் மூன்றாம் கிரேடு பியானோ தேர்வில், தேர்வாளர் முன் நேரில் வாசிக்கப்போகிறாள். கிளாஸில் ஏழு புத்தகங்கள் கொண்ட ஒரு ‘செட்’ வாங்கச் சொல்கிறார்கள். ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பையனின் 2021–2022 புத்தகம் சும்மாவே கிடைக்கும். டெலிகிராமில் எல்லாமே பிடிஎஃப்பாக இருக்கிறது என்கிறார் என் கணவர். எனக்கு மேற்கத்திய இசை எதுவும் தெரியாது. எதை வாங்குவது? — ஒரு தாய், கோவை.

பதில்: இரண்டு புத்தகங்கள் வாங்குங்கள், போதும். ஒன்று, தேர்வு பீஸ்கள், அதாவது வாசித்துக் காட்ட வேண்டிய இசைத் துண்டுகள், உள்ள புத்தகம். இன்னொன்று, மூன்றாம் கிரேடு ஸ்கேல் (சுர வரிசைப் பயிற்சி) புத்தகம்.

காரணம் எளிது. தேர்வுக்கு மொத்தம் 150 மதிப்பெண். ஏ, பி, சி என்று மூன்று பட்டியல்கள் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பீஸ் வாசிக்க வேண்டும். பீஸுக்கு 30 வீதம் 90 இங்கேயே போய்விடுகிறது. ஸ்கேலுக்கு 21, புதிதாக ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லும் சைட் ரீடிங்குக்கு 21, காதால் கேட்டுப் பதில் சொல்வதற்கு 18. பீஸ் புத்தகத்தின் அட்டையில் எந்த வருடங்களுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். தேர்வு நடக்கப்போகும் வருடம் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்கேல் பாடத்திட்டம் 2021-இல் மாறிவிட்டது. அதற்கு முந்தைய ஸ்கேல் புத்தகத்தை யாராவது பாதி விலைக்குத் தந்தால் வாங்காதீர்கள்.

பக்கத்து வீட்டுப் புத்தகம் பழைய பட்டியலுக்கானது, அதை நம்பித் தேர்வுக்குப் போக வேண்டாம். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், நன்றி சொல்லி வாங்கி வையுங்கள். உங்கள் மகள் கண்ணில் படாத ஒன்பது பீஸ்கள் அதில் இருக்கின்றன. தினமும் நான்கு வரி, தப்பானாலும் நிறுத்தாமல் மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். சைட் ரீடிங்குக்குத் தனிப் புத்தகம் வாங்கும் செலவு மிச்சம்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பீஸ் புத்தகம் மாறுவதில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. ஒன்பது பீஸ் உள்ள புத்தகத்தை வாங்கி, மூன்றை மட்டும் பத்து மாதம் அரைத்து, தேர்வு முடிந்ததும் பரணில் போடுகிறார்கள். ஐந்து கிரேடு தேறிய பிள்ளைக்கு மொத்தம் பதினைந்து பீஸ்தான் தெரியும் என்றால் அது இசைக் கல்வியா? கிளாஸ்களும் அப்படித்தான் பழகிவிட்டன, பெற்றோரும் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள்.

அப்புறம் அந்த பிடிஎஃப். இதில் தயவுசெய்து இறங்காதீர்கள். சட்டவிரோத நகல் பயன்படுத்தியது தெரிந்தால் முடிவை நிறுத்திவைக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று தேர்வு வாரியமே சொல்கிறது. நம் நாட்டுச் சட்டப்படி இசையமைப்பாளர் இறந்து 60 வருடம்வரை காப்புரிமை உண்டு. மாணவர்கள் விரும்பி வாசிக்கும் ரஷ்ய இசையமைப்பாளர் கபலேவ்ஸ்கி 1987-இல்தான் இறந்தார்; அவருடைய பீஸ்களுக்கு 2047 முடியும்வரை உரிமை இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள், நகலில் பாடமே கெட்டுப்போகும். என்னிடம் வந்து சேர்ந்த ஒரு சிறுவன் ஜி மேஜர் பீஸ் ஒன்றில் எஃப் ஷார்ப் (அரைச் சுரம் உயர்ந்த எஃப்) வர வேண்டிய இடத்திலெல்லாம் வெறும் எஃப் வாசித்தான். முந்தைய கிளாஸில் கொடுத்த ஸ்பைரல் புத்தகத்தைப் பார்த்தேன். நகலின் நகல் அது. வரியின் தொடக்கத்தில் இருந்து, எஃப் எல்லாமே ஷார்ப் என்று சொல்ல வேண்டிய அந்த ஒற்றை ஷார்ப் குறி பக்க ஓரத்தோடு வெட்டுப்பட்டுப் போயிருந்தது. ஐந்து மாதம் தப்பாகப் பழகிய விரலைத் திருத்த எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. அந்தப் பிள்ளை அழுதான். அந்த ஸ்பைரலுக்கும் அவன் அப்பா காசு கொடுத்துத்தான் வாங்கியிருந்தார்.

‘செட்’ விற்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: புத்தகம் வாரியாக விலை போட்டு பில் தருவீர்களா? தர மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். இத்தகைய செட்டுகளில் வழக்கமாக ஹானன் என்பவரின் விரல் பயிற்சி நூல் இருக்கும், நூறு புகழ்பெற்ற பீஸ்கள் என்று ஒரு தடிமன் தொகுப்பு இருக்கும், தியரி (இசை இலக்கணம்) பயிற்சி நூல் இருக்கும். ஹானனின் 60 பயிற்சிகள் 1873-இல் வந்தவை, இன்று யாரும் இலவசமாக அச்செடுக்கலாம்; பத்து வயதுக் கைக்கு அவசரமும் இல்லை. நூறு பீஸ் தொகுப்புகளில் பெரும்பாலும் எளிமைப்படுத்தி, நடுவில் வெட்டிய வடிவங்கள்தான். பீத்தோவனின் புகழ்பெற்ற ஃபர் எலிஸ் முதல் பகுதியோடு நின்றுவிடும், மீதி இருப்பதே பிள்ளைக்குத் தெரியாது. தியரி தேர்வு ஆறாம் கிரேடுக்குப் போகும்போதுதான் கட்டாயம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பட்டியலில் உள்ள பீஸை எந்தப் பதிப்பிலிருந்தும் வாசிக்கலாம். உதாரணத்துக்கு, கிளெமென்டி என்ற பழைய இசையமைப்பாளரின் சொனாட்டினா (சிறிய பியானோ இசை வடிவம்) ஒன்று பட்டியலில் இருந்தால், உங்கள் வீட்டில் ஏற்கெனவே உள்ள பழைய சொனாட்டினா புத்தகமே போதும். “இல்லை, இந்தப் பதிப்புதான்” என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். ஆனால் ஒரு திரைப்பாட்டோ நாட்டுப்புற மெட்டோ பியானோவுக்காக மாற்றி எழுதப்பட்டதாக இருந்தால் கதை வேறு. பட்டியலில் இசையமைத்தவர் பெயரோடு, மாற்றி எழுதியவர் பெயரும் இருக்கும். அப்போது அவர் எழுதிய அதே வடிவம், பட்டியல் சொல்லும் அதே புத்தகம்தான் வேண்டும். அதே பாட்டின் வேறு வடிவம், எவ்வளவு அழகாக இருந்தாலும், செல்லாது. ஆகவே பெயர் ஒன்றா இரண்டா என்று பாருங்கள். ஒன்று என்றால் எந்தப் பதிப்பும் சரி. இரண்டு என்றால் சொன்ன பதிப்பு மட்டும்.

மிச்சமாகும் பணத்தில் ஒரே ஒரு புத்தகம் வாங்க ஆசைப்பட்டால், பர்க்முல்லர் என்ற இசையமைப்பாளரின் ஓபஸ் 100 (அவருடைய நூறாம் எண் படைப்பு) வாங்குங்கள். குழந்தைகளுக்காக எழுதிய 25 சிறு பயிற்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு சின்னக் கதை. இரண்டாவது பீஸான ‘அரபெஸ்க்’ இந்த வயதுப் பிள்ளைகளுக்கு உயிர். அவர் 1874-இலேயே இறந்துவிட்டதால் பழைய பதிப்பை இணையத்திலிருந்து இறக்கி அச்செடுப்பதிலும் தவறில்லை. ஆனால் விரல் எண்கள் தெளிவாக அச்சான நல்ல புத்தகம் கையில் இருந்தால் பிள்ளை தானாகவே புரட்டும்.

ஆர்டர் போடும் முன் டீச்சரிடம், எந்த மூன்று பீஸ் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றும் அந்தப் பீஸ் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து ஒன்று இருந்தால் அதற்கான புத்தகத்தைத் தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே சொல்லிவையுங்கள். கடையில் இருப்பில்லை என்றால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். பிள்ளை பாவம், கடைசி நேரத்தில் ஜெராக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது.