நினைவகம் குறையும்போது மட்டும் கெர்னல் உறைகிறது: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

லினக்ஸ் கெர்னலுக்காக (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதிய கோப்பு முறைமை மாட்யூல் நினைவகம் குறையும்போது மட்டும் உறைகிறது என்றும், கெர்னல் பதிவில் செய்தி எழுதும் பிரிண்ட்கே வரிகளைச் சேர்த்தால் உறைவதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த வரிகளை நீக்கிவிடுங்கள். அவை த்ரெட்களின் (ஒரே வேளையில் ஓடும் பணித் தொடர்களின்) நேரத்தை மாற்றி, தேடுகிற பிழையையே மறைக்கின்றன.

உறைவுக்குக் காரணம் டெட்லாக், அதாவது ஒருபோதும் விடுபடாத லாக்குக்காக த்ரெட் காத்து நிற்பது, என்றால் தடயம் அப்படியே நிற்கும். கெர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் சிஸ்ரெக் விசையுடன் டபிள்யூ விசையை அழுத்தினால், தடைபட்ட பணிகள் அனைத்தின் ஸ்டேக்கும் (எந்த அழைப்புகள் வழியாக வந்து எங்கே நிற்கின்றன என்ற பட்டியல்) கிடைக்கும்.

"நினைவகம் குறையும்போது மட்டும்" என்பதுதான் இங்கே முக்கியமான துப்பு. மாட்யூல் ஒரு மியூடெக்ஸை (ஒரு வேளையில் ஒரு த்ரெட் மட்டுமே பிடிக்கக்கூடிய லாக்) பிடித்துக்கொண்டு, தேவைப்பட்டால் நினைவகத்தை மீட்கவும் அனுமதிக்கும் ஜிஎஃப்பி கெர்னல் கொடியுடன் நினைவகம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலி பேஜ் (நினைவகத் துண்டு) இல்லாதபோது, கேட்ட த்ரெட்டே நினைவகத்தை மீட்கும் வேலையில் இறங்கி, ஐனோடு கேஷை (கோப்பு விவரங்களின் தற்காலிகச் சேமிப்பை) குறைப்பதற்காக உங்கள் மாட்யூலுக்குள்ளேயே திரும்பி வந்து, தான் ஏற்கெனவே பிடித்திருக்கும் மியூடெக்ஸுக்காகக் காத்து நிற்கும். இதைப் பிடிக்க நினைவகம் உண்மையிலேயே தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புரூவ் லாக்கிங் அமைப்பை இயக்கி கெர்னலைக் கட்டினால், லாக்டெப் என்ற லாக் சோதனைக் கருவி இரண்டு செய்திகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ளும்: இந்த லாக்கின் கீழ் நினைவகம் கேட்கப்பட்டது, மீட்பின்போது இதே லாக் எடுக்கப்பட்டது. இரண்டும் வெவ்வேறு வேளையில் நடந்திருந்தாலும் எச்சரிக்கை வந்துவிடும். 2006 முதல் கெர்னலில் இருக்கும் இந்தக் கருவியைவிடப் பயனுள்ளது இத்துறையில் வேறில்லை என்பது என் கருத்து. தீர்வாக, மியூடெக்ஸ் பிடித்திருக்கும் பகுதி முழுவதையும் மெம்அலாக் நோஎஃப்எஸ் சேவ், ரீஸ்டோர் அழைப்புகளுக்குள் வைத்துவிடுங்கள்; அப்போது அங்கே கேட்கும் நினைவகத்துக்காக மீட்பு வேலை கோப்பு முறைமைக்குள் திரும்பி வராது.

ரேஸ் கண்டிஷன், அதாவது த்ரெட்கள் ஓடும் வரிசையைப் பொறுத்துத் தோன்றும் பிழை, இதைவிடக் கடினமானது. லாக் இல்லாமல் ஒரே மாறியை இரு த்ரெட்கள் தொடுவதை, 2020-இல் கெர்னலின் 5.8 பதிப்பில் சேர்ந்த கேசிசான் என்ற கருவி கண்டுபிடிக்கும். ஆனால் ஒவ்வொரு படியும் உரிய லாக்குடனே நடந்து, படிகளுக்கு இடையில் நிலை மாறிவிடும் பிழை அதற்கு அகப்படாமல் போகலாம். 2016-இல் வெளியான டர்ட்டி கவ் என்ற லினக்ஸ் பாதுகாப்பு ஓட்டை அத்தகையது: எழுதுவதற்காகப் பிரதியெடுத்த பேஜை, அடுத்த படிக்குள் இன்னொரு த்ரெட் மேட்வைஸ் என்ற சிஸ்டம் அழைப்பின் மூலம் கைவிடச் செய்தது; பிரதி இருக்கிறது என்ற பழைய முடிவை நம்பிய கெர்னல், படிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பின் பேஜிலேயே எழுதிவிட்டது. 2007 முதல் இந்த ஓட்டை இருந்தது.

ஆகவே லாக்கை விட்டு மீண்டும் எடுக்கும் ஒவ்வோர் இடத்தையும் நிதானமாகப் படியுங்கள். திரும்ப எடுத்ததும் பழைய நிலை மாறவில்லையா என்று பார்க்கும் வரி இல்லையென்றால், அந்த இடைவெளியில் ஒரு தாமதத்தைச் செருகி ஓட்டுங்கள். எப்போதோ ஒருமுறை தோன்றிய பிழை அடிக்கடி தோன்றத் தொடங்கும்.