மகனின் கோ-கார்ட்டில் செயின் கழல்கிறதா? கடைக்குப் போகுமுன் இதைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. மைக்ரோ மேக்ஸ் என்ற சிறுவர் பந்தயப் பிரிவில் ஓட்டுவதற்காக, ரோட்டாக்ஸ் இன்ஜின் பூட்டிய பழைய கோ-கார்ட் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். கோவை செட்டிபாளையம் டிராக்கில் பயிற்சி. ஒரே வார இறுதியில் இரண்டு முறை செயின் கழன்றுவிட்டது. கழலாத நேரத்திலும், ஒவ்வொரு ஓட்டம் முடிந்து வரும்போது செயின் தொங்குகிறது. மெக்கானிக் செயின், அது ஓடும் பல்சக்கரங்களான இரண்டு ஸ்ப்ராக்கெட், இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். இடையில் நின்று வண்டியை வாங்கித் தந்தவரோ, நன்றாக இறுக்கிக் கட்டினால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (திருப்பூரிலிருந்து ஒரு தந்தை)

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்ட வரி ஒன்றுதான்: "ஒவ்வொரு ஓட்டம் முடிந்து வரும்போது செயின் தொங்குகிறது."

செயின் தேயும், நீளும். ஆனால் பத்துப் பதினைந்து நிமிட ஓட்டத்தில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நீளாது. புத்தம் புதுச் செயின் முதல் ஓட்டத்தில் லேசாகத் தளரும், அதை விட்டுவிடுங்கள். மற்றபடி, காலையில் சரியாக இருந்த செயின் மதியம் தொங்குகிறது என்றால் பெரும்பாலும் இன்ஜின் நகர்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

கார்ட்டில் இன்ஜின், சேஸிஸ் குழாய்களைக் கிளாம்ப் போட்டுப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது. செயினை இறுக்க நாம் அதை முன்னால் தள்ளுகிறோம். பையன் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது செயின் அதைப் பின்னால், பின் சக்கரங்களை இணைக்கும் தண்டான ஆக்ஸிலை நோக்கி இழுக்கிறது. கிளாம்புக்குப் பிடி போதவில்லை என்றால் இழுத்த பக்கம் வந்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் வந்தாலே செயின் தொங்குவது நன்றாகத் தெரியும்.

இதை உறுதிசெய்ய ஒரு வெள்ளை பெயின்ட் மார்க்கர் போதும். கிளாம்பையும் குழாயையும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். பையன் ஓட்டிவிட்டு வந்ததும், யாரும் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். அப்படியானால் கிளாம்பைக் கழற்றி, அதன் உள்பக்கத்தையும் குழாயையும் பிரேக் கிளீனர் போட்டுத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். தெறித்த செயின் ஆயில் அங்கே படிந்துதான் பாதி வண்டிகளில் வழுக்குகிறது. துடைத்தும் நகர்ந்தால், போல்ட்டை முழுக்க இறுக்கிய பிறகு கிளாம்புக்கும் மேலே உள்ள பிளேட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாம்ப் தேய்ந்துவிட்டது, இனி எவ்வளவு முறுக்கினாலும் குழாயைப் பிடிக்காது. மாற்ற வேண்டியது அந்தக் கிளாம்பை மட்டும். முழு மவுண்டையும் விற்கப் பார்ப்பார்கள். அப்புறம், ஆலன் கீயில் பைப்பைச் செருகி முறுக்குகிற பலசாலிகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சேஸிஸ் குழாய் நசுங்கினால் அதற்கு வைத்தியம் கிடையாது.

இறுக்கிக் கட்டினால் போதும் என்ற ஆலோசனைக்கு வருவோம். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் இல்லை. வளைவிலும், டிராக் ஓரத்து மேடான கெர்பிலும் சேஸிஸ்தான் முறுக்கிக்கொடுக்கிறது. இன்ஜினுக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம் ஓடும்போது கூடிக் குறையும். செயினை வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டினால் ஒன்று செயின் அறுந்து பறக்கும், இல்லாவிட்டால் அந்த இழுப்பு கிளட்ச் டிரம் பேரிங்குக்கும் கிராங்க் பேரிங்குக்கும் போகும். ரோட்டாக்ஸ் இன்ஜின் சீல் வைத்தது. உள்ளே வேலை என்றால் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். சும்மா இறுக்கச் சொன்னவர் அந்த பில்லில் பங்கு தரமாட்டார். செயினின் நடுவில் விரல் வைத்து மேலும் கீழும் ஆட்டினால் மொத்தம் 10 முதல் 15 மில்லிமீட்டர் ஆட வேண்டும். அளவை போல்ட்டுகளை முழுக்க இறுக்கிய பிறகு பாருங்கள். இறுக்கும்போதே இன்ஜின் கொஞ்சம் திரும்பும், அளவு மாறும்.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால், சில வண்டிகளில் செயின் ஓரிடத்தில் விறைக்கும், இன்னோர் இடத்தில் தொங்கும். அப்போது நான் சொன்ன அளவைத் தொங்குகிற இடத்தில் வைத்தால், விறைக்கிற இடத்தில் செயின் அறுகிற நிலைக்குப் போய்விடும். அதனால் மிக விறைப்பான இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கேதான் அளவு வைக்க வேண்டும். விறைப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் நீங்களே கண்டுபிடிக்கலாம். விறைக்கிற நேரத்தில் பின் ஸ்ப்ராக்கெட்டின் மேல்பக்கப் பல் ஒன்றில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். நாலைந்து சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அதே புள்ளி மேலே வரும்போது விறைத்தால் ஸ்ப்ராக்கெட்டோ, அதைத் தாங்கும் கேரியரோ, ஆக்ஸிலோ கோணல். புள்ளி ஒரு முறை மேலே, அடுத்த முறை வேறெங்கோ இருக்கும்போது விறைத்தால் செயினில் சில இணைப்புகள் இறுகிக் கிடக்கின்றன. செயினைக் கழற்றி விரலால் ஒவ்வோர் இணைப்பாக மடக்கிப் பாருங்கள், மடங்காதது தானே தெரியும். முதல் வகை என்றால் கேரியர் போல்ட்டுகளைத் தளர்த்தி ஸ்ப்ராக்கெட்டைக் கொஞ்சம் சுழற்றி மாட்டிப் பார்க்கலாம். அப்போதும் மாறவில்லை என்றால் செயினே இல்லாமல் ஆக்ஸிலை மட்டும் சுற்றி, அதன் நுனி வட்டமடிக்கிறதா என்று பாருங்கள். வாங்கியதே பழைய வண்டி, எத்தனை கெர்ப் ஏறி இறங்கியதோ!

இதையெல்லாம் செய்யும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். இந்த இன்ஜின் பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகும், பையன்களுக்குப் பட்டன் என்றால் சும்மா இருக்க முடியாது. ஓடுகிற செயினில் துணி வைத்துத் துடைக்கிற வேலை எந்த நிலையிலும் வேண்டாம். விரல் போய்விடும்.

கழல்வதற்கு அடுத்த காரணம் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாதது. ஒரு நீளமான ஸ்டீல் ஸ்கேலைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தோடு ஒட்ட வைத்து முன்னால் நீட்டினால், முன் ஸ்ப்ராக்கெட்டின் முகமும் அதில் ஒட்ட வேண்டும். லேசர் கருவி வாங்கச் சொல்வார்கள், தேவையில்லை. காலையில் சரியாக இருந்து பிறகு விலகினால் பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஆக்ஸில் பேரிங்கில் சின்ன ஆலன் ஸ்க்ரூக்கள் இருக்கும். அவை தளர்ந்தால் ஆக்ஸில் முழுவதும் பக்கவாட்டில் நகரும், கூடவே ஸ்ப்ராக்கெட்டும். அதை இறுக்கக் காசு எதுவும் ஆகாது, அதனால்தானோ என்னவோ யாரும் உங்களிடம் சொல்வதில்லை.

மெக்கானிக் சொன்ன செயினும் ஸ்ப்ராக்கெட்டும் உண்மையிலேயே தேய்ந்திருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்பக்கம், செயின் சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தின் நடுவில், விரலால் செயினை வெளியே இழுங்கள். பாதிப் பல் தெரிகிற அளவுக்கு எழும்பினால் மாற்றத்தான் வேண்டும். பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல வளைந்திருந்தால் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள், அதன்மேல் புதுச் செயின் போட்டால் சீக்கிரமே அதுவும் போய்விடும். பழைய வண்டி விற்பவர்கள் செய்வது இதைத்தான். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டின் மேல் பளபளவென்று புதுச் செயினைப் போட்டு, ஸ்டிக்கரும் ஒட்டி, "ரேஸுக்கு ரெடி" என்று சொல்லிக் கைமாற்றிவிடுவார்கள். நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் கமிஷன்.

செயினை பைக் ஸ்பேர்ஸ் கடையில் வாங்கிவிடாதீர்கள். உங்கள் வண்டிக்கு 219 நம்பர் செயின், ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 7.774 மில்லிமீட்டர். பைக்குகளில் சாதாரணமாக வருகிற 428 செயினில் அது 12.7. பொறியியல் கல்லூரி மாணவர்கள் கட்டும் கார்ட்களில் பைக் செயின் ஓடும், அதைப் பார்த்துவிட்டு வந்து யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஸ்ப்ராக்கெட்டின் பல்லில் அது உட்காரவே உட்காராது.

ஓட்டங்களுக்கு நடுவே பின் ஸ்ப்ராக்கெட்டை மாற்றுகிறார்களா என்றும் கேளுங்கள். ஒரு பல் கூட்டினால் இன்ஜினைக் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் பின்னால் தள்ள வேண்டும். அவசரத்தில் இரண்டு போல்ட்டை மட்டும் இறுக்கிவிட்டு வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். பந்தய நாளில் எடை நிறுத்துப் பார்க்க ஆள் உண்டு, சீல் நம்பர் பார்க்க ஆள் உண்டு. பத்து வயதுக் குழந்தையின் முழங்கைக்குப் பக்கத்தில் ஓடுகிற செயின் நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்க்க மட்டும் யாரும் இல்லை. நோய் கண்டுபிடிப்பவரே மருந்துக் கடையும் வைத்திருக்கிற ஏற்பாட்டை எத்தனை வருடம்தான் பொறுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சரி, அடுத்த பயிற்சிக்கு மார்க்கர், ஸ்கேல், சாக்பீஸ் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். செயின் கவர் மாட்டியிருக்கிறதா, அதில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பையனை உட்கார வையுங்கள். செயின் ஸ்ப்ரேயை ஓட்டம் முடிந்து வந்ததும், செயின் சூடாக இருக்கும்போது, உள்பக்கமாக அடியுங்கள். கிளம்புகிற நேரத்தில் அடித்தால் அதில் பாதி பின் டயருக்குத்தான் போகும்.