ஒரே ஓடை, இரண்டு குடியிருப்பு

கேள்வி: ஐயா, பொங்கல் லீவுக்குப் பிள்ளைகளோடு மலை ஓடைக்குப் போயிருந்தோம். மேலே, தண்ணீர் பாய்ந்து வரும் இடத்தில் கல்லைப் புரட்டினால் அடியில் ஏகப்பட்ட பூச்சிகள். அதே ஓடை ஊருக்குள் வந்ததும் வெறும் சேறு. அதில் சிவப்புப் புழுக்கள் நெளிகின்றன. தண்ணீர் ஒன்றுதானே, ஏன் இப்படி?
– அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: தண்ணீர் ஒன்றுதான் தாயி, அதில் மூச்சு விடுவதுதான் வேறு வேறு. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்த காலத்தில் டீ வடிகட்டியையும் வெள்ளைப் பீங்கான் தட்டையும் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போய்விடுவேன். (வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.)

மேலே பார்த்தவற்றில் தட்டையாக, மூன்று வாலோடு ஒன்று கல்லில் அப்பிக் கிடந்திருக்குமே? அது மேஃபிளை என்ற பறக்கும் பூச்சியின் குஞ்சு. கல்லை ஒட்டினாற்போல் வேகம் தணிந்து ஓடும் மெல்லிய நீர்ப்படலத்தில் அந்தத் தட்டை உடம்பு பதுங்கிக்கொள்ளும். வயிற்றின் இரு பக்கமும் இலை போலச் செவுள்கள். கல்லில் மோதி நுரைத்து வரும் நீரில் காற்றுக்குப் பஞ்சமில்லை. மர நிழல் வேறு, தண்ணீர் சூடேறாது. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். கரை மரத்தை வெட்டினால் பூச்சிக்கு மூச்சு முட்டுவது இதனால்தான். அருவி விழும் பாறையிலேயே, வயிற்றில் ஆறு உறிஞ்சிகளை வைத்துக்கொண்டு ஒட்டிக் கிடக்கும் ஓர் ஈயின் புழுவும் உண்டு!

அங்கேயே, தண்ணீர் தயங்கி நிற்கும் மூலையில் இலைக்குப்பையைக் கிளறியிருந்தால் வேறு கூட்டம் கிடைத்திருக்கும். இலையில் இரண்டு துண்டு நறுக்கி, பட்டுநூலால் ஒட்டி, நடுவே குடியிருக்கும் கேடிஸ் என்ற பூச்சியின் புழு எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு எட்டு தள்ளினாலே ஆட்கள் மாறிவிடுகிறார்கள்.

ஊருக்குள் வந்ததும் வண்டல் படிந்து கல்லிடுக்கு அடைகிறது, ஒளிய இடமில்லை. சாக்கடையும் மிச்சச் சோறும் அழுகும்போது பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. அங்கே தாக்குப்பிடிப்பது அந்தச் சிவப்புப் புழு. கொசு மாதிரி இருந்தும் கடிக்காத ஓர் ஈயின் பிள்ளை அது. சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். கிடைக்கிற கொஞ்சக் காற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைத் திட்டாதீர்கள், சேற்றைக் கொண்டுவந்தது அதுவல்ல.

அப்புறம், அடுத்த தடவை புரட்டின கல்லைப் பழையபடியே கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கம் வெயிலைப் பார்த்தபடி கிடந்தால், ஒட்டியிருப்பவை காய்ந்துவிடும்.