ஜூலையில் புலி, ஆகஸ்டில் பூனையா?

பேஸ்பால் பேட்டர்கள் சீசனின் முதல் பாதியில் ஒரு மாதிரியும் இரண்டாம் பாதியில் வேறு மாதிரியும் ஆடுவது பற்றிக் கேளுங்கள் என்றேன். கேட்டுத் தள்ளிவிட்டீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் புதுசு. முதல் பாதி என்றால் 81 ஆட்டமா?

அமெரிக்க மேஜர் லீக் சீசனில் ஓர் அணிக்கு 162 ஆட்டம். அதில் பாதி 81தான். ஆனால் எல்லோரும் கோடு போடுவது நட்சத்திர வீரர்களின் காட்சி ஆட்டத்துக்காக ஜூலை நடுவில் வரும் ஆல் ஸ்டார் இடைவேளையில். அதற்குள் பெரும்பாலும் தொண்ணூறு சொச்சம் ஆட்டம் முடிந்திருக்கும். 2025இல் சியாட்டில் மெரினர்ஸ் இடைவேளைக்கு முன் 96, பின் 66 ஆட்டம் ஆடியது. அந்த அணியின் கேட்சர் கால் ராலி முன்பாதியில் 38 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல வேலி தாண்டும் அடி), பின்பாதியில் 22. "பதினாறு குறைந்துபோச்சு" என்று புலம்பினார்கள். அதே வேகத்தில் அடித்திருந்தாலும் 26தான் வந்திருக்கும். ஆக, குறைந்தது நாலு. மொத்தம் அறுபது அடித்தவரைப் பார்த்து உச்சுக்கொட்டுவதா? முதலில் வாய்ப்பை எண்ணுங்கள், அப்புறம் ஆளை எடை போடுங்கள். இதை இன்னும் பல தடவை சொல்லப்போகிறேன்.

கேள்வி: முதல் பாதியில் சராசரி .300, அடுத்த பாதியில் .260. ஃபார்ம் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

நான் உட்கார்ந்து பேச ஆசைப்படும் கேள்வி இது. சராசரி .300 என்றால் ஆயிரம் அட்-பேட்டில் (பேட்டரின் கணக்கில் வரும் வாய்ப்பு) 300 ஹிட், அதாவது அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸை எட்டியது. ஒருவருடைய உண்மையான திறமை .280 என்று வையுங்கள். இரண்டு பாதியிலும் தலா 250 அட்-பேட். திறமை துளியும் மாறாமல், வெறும் நாணயம் சுண்டுவது போலக் கணக்குப் போட்டால்கூட, மூன்று பேரில் ஒருவருக்கு இரண்டு பாதிக்கும் நடுவே நாற்பது புள்ளியோ அதற்கு மேலோ வித்தியாசம் வரும்.

நாற்பது புள்ளி என்றால் என்ன? 250 அட்-பேட்டில் பத்து ஹிட். பின்பாதி ஏறக்குறைய பத்து வாரம், ஆக வாரத்துக்கு ஒரு ஹிட். செவ்வாய்க்கிழமை அடித்த பந்து ஷார்ட் ஸ்டாப் என்ற ஃபீல்டரின் கையுறை நுனியைத் தொட்டுக்கொண்டு வெளியே ஓடியிருந்தால் ஹிட். உள்ளே மாட்டிக்கொண்டால் அவுட். பேட்டர் அடித்தது ஒரே அடிதான். வாரம் ஒருமுறை கையுறை இப்படி மாறினால் ".300 ஆள்" ".260 ஆள்" ஆகிவிடுவார். சராசரியை விட்டுவிட்டு ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமலே அவுட்டாவது) கூடியதா, அடி பலமாக விழுகிறதா என்று பாருங்கள். மாற்றம் இருந்தால் அங்கே முதலில் தெரியும்.

கேள்வி: ஆல் ஸ்டார் இடைவேளையில் யார் அதிக ஹோம் ரன் அடிப்பார் என்று நடக்கும் ஹோம் ரன் டெர்பியில் கலந்துகொண்டால் ஸ்விங் கெட்டுவிடுமாமே?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. டெர்பிக்கு யாரை அழைப்பார்கள்? முதல் பாதியில் அடித்து நொறுக்கியவர்களை. உச்சத்தில் இருப்பவர் அடுத்து எங்கே போவார்? பெரும்பாலும் கீழேதான்.

கேள்வி: டெர்பி சாபம் உண்மையா சார்?

மேலே பார்க்கவும்.

கேள்வி: ஐபிஎல்லிலும் இப்படி நடக்குமா?

அது என் பேட்டை இல்லை. கிரிக்கெட் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: நழுவாதீர்கள். பேட்டர் பாபி அப்ரேயு, 2005. டெர்பிக்கு முன் 18 ஹோம் ரன். டெட்ராய்ட் டெர்பியில் ஒரே ராத்திரியில் 41. அதற்குப் பின் சீசன் முழுக்க வெறும் 6. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அப்ரேயு வருவார் என்று காத்திருந்தேன். அப்போது அவருக்கு 31 வயது. அடுத்த ஆண்டு முழு சீசனிலும் 15தான் அடித்தார்.

கேள்வி: (அவரே) அதைத்தான் நானும் சொல்கிறேன்! கெட்ட ஸ்விங் அடுத்த வருஷமும் திரும்பவில்லை.

அதே 2006இல் அவர் சராசரி .297. கெட்டுப்போன ஸ்விங்கை வைத்துக்கொண்டு .297 அடிக்க முடிந்தால் எனக்கும் ஒன்று கெடுத்துக் கொடுங்கள். சரி, நீங்கள் ஒருவரைச் சொன்னீர்கள், நான் இரண்டு பேரைச் சொல்கிறேன். 2018 டெர்பியை வென்ற பிரைஸ் ஹார்ப்பர் அதற்கு முன் .214, பின் .300. ஹோம் ரன் 23இலிருந்து 11 ஆனது என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அதே ஆண்டு கிளீவ்லாந்தின் ஹோசே ராமிரெஸ் முன்பாதியில் 29, பின்பாதியில் 10. அவர் டெர்பி பக்கமே போகவில்லை. அவருக்கு யார் வைத்த சாபம்?

கேள்வி: அண்ணா, ஆரன் ஜட்ஜ் 2017? அவரும் டெர்பி ஜெயித்தவர்தானே?

முன்பாதியில் .329, 30 ஹோம் ரன். பின்பாதியில் .228, 22. ஆகஸ்டில் .185, மூன்றே ஹோம் ரன். தொடர்ந்து 37 ஆட்டங்களில் குறைந்தது ஒரு ஸ்ட்ரைக் அவுட். இதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத மாட்டேன். ஆட்டம் முடிந்ததும் தோளில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். நவம்பரில் இடது தோளில் அறுவை சிகிச்சை. ஆனால் செப்டம்பரில் அதே தோளோடு 15 அடித்தார். டெர்பி கெடுத்தது என்றால் செப்டம்பரில் யார் சரிசெய்தது?

கேள்வி: வெயிலில் களைத்துப்போவார்களா?

களைப்பு உண்டு. ஆனால் சூடான காற்று அடர்த்தி குறைந்தது, பந்து கூடுதல் தூரம் போகும். ஏப்ரல் குளிரில் வேலியோரம் பிடிபடும் பந்து ஆகஸ்டில் தாண்டிவிடும்.

கேள்வி: என் ஃபேன்டசி அணியில் யாரை விற்கலாம்?

எத்தனை அட்-பேட் ஆகியிருக்கிறது என்று எண்ணிவிட்டு வாருங்கள்.

கேள்வி: டெர்பியால்...

மேலே. இரண்டு முறை.

கேள்வி: (அப்ரேயு நண்பர்) கடைசியாக ஒன்று. ராமிரெஸ் 2019 முன்பாதியில் எப்படி ஆடினார்? அதையும் சொல்லுங்களேன்.

பிடித்துவிட்டீர்கள். சராசரி .220ஐ ஒட்டி, 7 ஹோம் ரன்தான். பின்பாதியில் 16 அடித்து மீண்டார். ஆனால் 2018 பின்பாதியையும் 2019 முன்பாதியையும் ஒட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு முழு சீசன் சரிவு. அவ்வளவு நீளத்தை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ள எனக்கும் வாய் வரவில்லை. டெர்பி இல்லை, அது மட்டும் நிச்சயம்.