ஜெனரல் ஃப்ரோம் யார் பக்கம்? 1944 ஜூலை 20 பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஹிட்லருக்குக் குண்டு வைத்த ஸ்டாஃபென்பெர்க்கைத் தெரியும். இந்த ஃப்ரோம் யார்?

பதில்: ஸ்டாஃபென்பெர்க்கின் மேலதிகாரி. ஃபிரெட்ரிக் ஃப்ரோம், ஜெர்மனியின் உள்நாட்டுச் சேமப்படைத் தளபதி. போர்முனைக்கு ஆள் திரட்டி, பயிற்சி கொடுத்து அனுப்புவது அந்தப் படையின் வேலை. 1944 ஜூலை 1 முதல் ஸ்டாஃபென்பெர்க் அவருடைய சீஃப் ஆஃப் ஸ்டாஃப்.

கேள்வி: சதிக்காரர்களுக்கு அவர் எதற்கு?

பதில்: உத்தரவுக்கு. நாட்டுக்குள் கலகம் வந்தால் அடக்குவதற்காக ஹிட்லரே ஒப்புக்கொண்ட அவசரத் திட்டம் 'வால்கிரீ'. அதை வைத்தே ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார்கள். ஹிட்லர் இல்லையென்றால் அதைப் பிறப்பிக்கும் அதிகாரம் ஃப்ரோமுக்குத்தான்.

கேள்வி: திட்டம் அவருக்கு முன்பே தெரியுமா?

பதில்: ஏதோ நடக்கிறது என்று நன்றாகவே தெரியும். ஜூலை 15 அன்று, அவருக்குக் கீழிருந்த சதிக்காரர் ஜெனரல் ஓல்பிரிஷ்ட் அவசரப்பட்டு வால்கிரீயைத் தொடங்கிவிட்டு, அது பயிற்சிதான் என்று சமாளித்தார். அதற்குப் பிறகும் ஃப்ரோம் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, சேரவும் இல்லை. மதில் மேல் பூனை.

கேள்வி: பிறகு 20ஆம் தேதி வால்கிரீ உத்தரவைப் பிறப்பிக்க ஏன் மறுத்தார்?

பதில்: ஒரு போன்தான் காரணம். மாலை நான்கு மணி வாக்கில் ஓல்பிரிஷ்ட் வந்து ஹிட்லர் இறந்துவிட்டார் என்றார். ஃப்ரோம் நேராகக் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்த ஹிட்லரின் தலைமையகத்தைக் கூப்பிட்டார். சதிக்காரர்கள் துண்டித்திருக்க வேண்டிய தொடர்பு அது, லைன் கிடைத்துவிட்டது! ஹிட்லர் உயிரோடுதான் இருக்கிறார் என்று ஆயுதப் படைகளின் உயர் தலைமை அதிகாரி ஃபீல்ட் மார்ஷல் கைட்டல் சொன்னார். உங்கள் ஸ்டாஃபென்பெர்க் எங்கே என்றும் கேட்டார். பெர்லின் திரும்பிய ஸ்டாஃபென்பெர்க், குண்டு வைத்தது நான்தான் என்றதும் அவரைக் கைது செய்யப் போய், ஃப்ரோமே சதிக்காரர்களிடம் கைதியானார்.

கேள்வி: நள்ளிரவில் ஃப்ரோம் சதிக்காரர்களைச் சுட்டது ஹிட்லர் விசுவாசத்தாலா?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரவு பதினொரு மணி வாக்கில் ஹிட்லர் ஆதரவு அதிகாரிகள் அவரை விடுவித்தார்கள். உடனே அவசர ராணுவ நீதிமன்றம் என்று ஒன்றை அறிவித்தார். ஸ்டாஃபென்பெர்க், ஓல்பிரிஷ்ட், அவர்களோடு சதியில் இருந்த அதிகாரிகள் மெர்ட்ஸ், ஹேஃப்டன் என நால்வரும் பெர்லினில் ஃப்ரோமின் பெண்ட்லர் தெரு அலுவலக முற்றத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விசுவாசம் என்றால் உயிரோடு ரகசியப் போலீஸான கெஸ்டபோவிடம் ஒப்படைத்திருக்கலாமே? விசாரணையில் அவர் பெயர் வரும், அதுதான் பயம். ஆனால் ஒன்று இடிக்கிறது: சதியில் இருந்த இன்னொரு ஜெனரல் ஹோப்னரை மட்டும் உயிரோடு கைது செய்ய ஒப்புக்கொண்டார். எல்லா வாயையும் மூட வேண்டும் என்றால் அவரை விட்டிருக்கக் கூடாது.

கேள்வி: தப்பித்தாரா?

பதில்: இல்லை. சீக்கிரமே கைது. 1945 மார்ச்சில் நாஜிகளின் அரசியல் வழக்கு மன்றமான 'மக்கள் நீதிமன்றம்' கோழைத்தனத்துக்காக மரண தண்டனை விதித்தது. மார்ச் 12 அன்று பிராண்டன்பர்க் சிறையில் சுட்டார்கள்.

கேள்வி: நாஜிகளே கொன்றதால் அவரையும் எதிர்ப்பாளர் என்று சொல்லலாமா?

பதில்: நான் சொல்ல மாட்டேன். அவருடைய மௌனம் சில வாரங்கள் சதிக்கு உதவியது, உண்மை. செயலில் இறங்க வேண்டிய அந்த ஒரு மாலையில் அவர் சதிக்காரர்களுக்கு எதிராக நின்றார்.

கேள்வி: அவர் பதவி யாருக்குப் போனது?

பதில்: எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லருக்கு, அந்த ஜூலை 20 அன்றைக்கே.