சைக்கிள் குட்டி போடாது

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு துப்பறியும் கதை எழுதியிருக்கிறேன், கொஞ்சம் சிரிப்பாக. வேலந்தாவளத்தில் மூன்று நண்பர்கள், அவர்கள் சேர்ந்து வளர்க்கும் ஒரு பூனை. பூனை காணாமல் போகிறது. ஊரெல்லாம் தேடுகிறார்கள். நடுவில் தங்களில் ஒருவனையே சந்தேகப்படுகிறார்கள். கடைசியில் செக்போஸ்ட் அருகே உள்ள டீக்கடையின் சிசிடிவியைப் பார்த்து, பூனை தேங்காய் லாரியில் ஏறிப் போனதைக் கண்டுபிடித்து மீட்கிறார்கள்.

நண்பனைச் சந்தேகிக்கும் அத்தியாயம் பிள்ளைகள் மனதைக் கெடுக்கும், எடுத்துவிடு என்கிறார் உடன் வேலை செய்யும் ஒருவர். எடுக்கலாமா? எங்கள் ஊர்ப் பேச்சில் மலையாளம் கலந்து வரும், அதை அப்படியே விடலாமா? முடிவில் நீதி சொல்ல வேண்டுமா? கதையை இணைத்திருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள டீச்சர்,

இணைத்து வரும் கதைகளைப் பொதுவாகத் திறப்பதில்லை. ஆனால் போன வாரம்தான் பேத்திக்கு ஒரு வாத்துக் கதை சொல்லப்போய், பாதியில் மாட்டிக்கொண்டு விழித்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் பூனை வந்தது. ஒரே மூச்சில் படித்துவிட்டேன்.

மலையாளம் கலக்கட்டும். வேலந்தாவளத்துப் பையன் மயிலாப்பூர்த் தமிழ் பேசினால்தான் தப்பு. நீதி வேண்டாம். சொல்லியே தீர வேண்டுமென்று கை அரித்தால், தனித்தாளில் எழுதி அந்த உடன் வேலை செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

போஸ்டர் அத்தியாயத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சின்னவள் பூனைக்கு மலையாளத்தில் சொல்லும் ‘பூச்ச’யைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்ட, ‘பூச்சி’யில் ஓர் எழுத்துப் பிழை என்று நினைத்து ஒருவர் தென்னை வண்டுக்கு மருந்து கேட்டு வருகிறாரே, அது எல்லையில் இருப்பவருக்கு மட்டுமே வரும் நகைச்சுவை. ஒரு சொல்லையும் தொடாதீர்கள்.

சரி, இனித் திட்டு.

உங்கள் கதையில் பூனையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன். மூன்று பேர் சேர்ந்து வாங்கிய சைக்கிள். காணாமல் போகிறது, போஸ்டர் ஒட்டுகிறார்கள், நண்பனைச் சந்தேகப்படுகிறார்கள், லாரியில் ஏறிப் போனது சிசிடிவியில் தெரிகிறது. எங்கேயாவது இடிக்கிறதா? இடிக்கவில்லை. இரண்டு இடத்தில் ‘மியாவ்’ என்பதை ‘கிணிங் கிணிங்’ என்று மாற்றினால் போதும். அப்படியானால் நீங்கள் எழுதியது பூனைக் கதை அல்ல டீச்சர். திருட்டுப் போன சாமான் கதை.

சிசிடிவியில் தேட பூனையைத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. லாரியின் நம்பரைப் படிக்கத் தெரிந்தால் போதும். அதை டீக்கடைக்காரரே செய்துவிடுவார். பிறகு மூன்று பிள்ளைகள் எதற்கு, எண்பது பக்கம் எதற்கு? எனிட் பிளைட்டனின் ‘ஐவர்’ வரிசை 1942இல் தொடங்கியது. அதில் பிள்ளைகள் நான்கு பேர்தான். ஐந்தாவது ஆள் ஒரு நாய். அந்த அம்மாள் எழுதியதில் எனக்கு ஆயிரம் புகார் உண்டு, ஆனால் தலை எண்ணும்போது நாயையும் சேர்த்து எண்ணினார். உங்கள் மூவரை நான்கு என்று எண்ண முடியுமா?

இத்தனைக்கும் விடை உங்கள் கதையிலேயே கிடக்கிறது. முதல் பக்கத்தில் பூனைக்கு வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என மூன்று நிறம். மூன்றாம் பக்கத்தில் அதை ‘எங்க கடுவன்’ என்கிறான் பையன். ஐந்தாம் பக்கத்தில், தின்று தின்று உருண்டையாகிவிட்டான் என்று மூவரும் கேலி செய்கிறார்கள். பூனையின் செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஒரே உடம்பில் கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாக வர இரண்டு எக்ஸ் வேண்டும், அதாவது பெட்டையாக இருக்க வேண்டும். மூன்று நிறத்தில் கடுவன் பிறப்பது ஆயிரக்கணக்கில் ஒன்று.

அது தின்று வந்த வயிறு இல்லை டீச்சர்.

பூனை ஏறக்குறைய ஒன்பது வாரம் சுமக்கும். நாள் நெருங்கினால் ஆள் கண்ணில் படாத இடம் தேடும். பரண், விறகுக் குவியல், பழைய துணி மூட்டை. போட்ட பிறகும் ஒவ்வொன்றாக வாயில் கவ்வி இடம் மாற்றும். உங்கள் பிள்ளைகள் லாரி லாரியாக ஏறி இறங்கும்போது பூனை அந்தச் சந்தேகப்பட்ட நண்பனின் வீட்டுப் பரணிலேயே கிடக்கட்டும், அவனுக்கே தெரியாமல். இப்போது அந்த இடத்தில் சைக்கிளை வைத்துப் பாருங்கள். சைக்கிள் குட்டி போடாது.

எங்கள் வீட்டு வாத்தின் பெயர் தாசில்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, இடுப்பை ஆட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும். கேரள எல்லையில் செங்கோட்டைப் பக்கம் புளியரை, எழுபதுகளின் கடைசி, எனக்குப் பத்து வயது. யாரோ கொடுத்த ஒற்றை வாத்து முட்டையை ஆச்சி அடைக்கோழிக்கு அடியில் வைத்தாள். வாத்துக்கு 28 நாள், கோழிக்கு 21. அதனால் வாத்து முட்டையை ஒரு வாரம் முந்தி வைத்துவிட்டு, அப்புறம் கோழி முட்டைகளைச் சேர்த்தாள். எல்லாம் ஒன்றாகப் பொரிந்தன. தாசில்தார் தன்னைக் கோழி என்றே நம்பி வளர்ந்தது. அது வாய்க்காலில் இறங்கினால் தாய்க்கோழி கரையில் நின்று கதறும். பொரிந்ததும் கண்ணில் படுவதையே தாயென்று நம்பும் குஞ்சுகளைப் பற்றி, 1973இல் நோபல் வாங்கிய கொன்ராட் லோரன்ஸ் எழுதியதைப் பின்னாளில் படித்தபோது ஆச்சியின் கோழிக்கூட்டு நாற்றம்தான் மூக்கில் வந்தது.

பிசானம் அறுப்பு முடிந்ததும் குட்டநாட்டுப் பக்கமிருந்து வாத்துக்காரர்கள் வருவார்கள். ஆயிரத்துக்கு மேல் வாத்து, வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கிக்கொண்டே நகரும். (இப்போதானால் சந்தேகம்தான். 2021 ஜனவரியில் ஆலப்புழையில் பறவைக் காய்ச்சல் வந்தபோது புளியரைச் சாவடியில் கோழி, வாத்து வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள்.) அவர்கள் வந்த இரண்டாம் நாள் தாசில்தாரைக் காணவில்லை.

நான் முத்து காமிக்ஸ் படிப்பவன். ஆகவே வயலைப் பார்க்கவில்லை, குற்றவாளியைத் தேடினேன். பக்கத்து வீட்டு நண்பன்தான் என்று முடிவு செய்தேன். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது, ஆரியங்காவு கேரளத்தில் நின்றுவிட்டது. அதில் அவன் வீடு இந்தப் பக்கம், அவன் பெரியப்பாவின் ஹோட்டல் அந்தப் பக்கம். ஹோட்டல் பலகையில் ‘தாறாவுக் கறி’, அதாவது வாத்துக் கறி, என்று மலையாளத்தில் எழுதியிருக்கும். போதாததற்கு அவன் கையில் புது ஜாமென்ட்ரி பாக்ஸ்.

நானும் இன்னொருவனும் பகவதிபுரத்தில் டிக்கெட் இல்லாமல் ரயிலேறி, குகை தாண்டி ஆரியங்காவில் இறங்கி, ஹோட்டலின் பின்பக்கக் குப்பையைக் கிளறினோம். இறகு கிடைத்தது. வெள்ளை இறகு. தாசில்தார் தவிட்டு நிறம்.

“கொதிக்கத் தண்ணில போட்டதுல சாயம் போயிருக்கும்லே” என்றான் கூட வந்தவன். நம்பினேன்.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னும் சொன்னேன். நண்பன் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த காம்பஸை பாக்ஸில் அதன் பள்ளத்தில் சரியாகப் பொருத்தி வைத்து, மூடியை அழுத்தினான். டக் என்று ஒரு சத்தம்.

அடுத்த நாள் விடிவதற்குள் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. “வாலே” என்றான், அவ்வளவுதான். வரப்பில் பேசாமல் முன்னால் நடந்தான். வயலில் வலை கட்டிய அடைப்புக்குள் ஆயிரம் வாத்து. வாத்துக்காரர் குனிந்து முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். உங்களுடையது எது, காட்டுங்கள், கொண்டுபோங்கள் என்றார். நான் “தாசில்தார்!” என்று கத்தினேன். ஆயிரமும் சேர்ந்து திருப்பிக் கத்தின. எல்லாம் ஒரே தவிட்டு நிறம், ஒரே இடுப்பு, எல்லாமே தாசில்தார்.

நண்பன் டிரவுசர் பையிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்தான். குத்தவைத்து உட்கார்ந்து, நகத்தால் அதைத் தட்டி, “பா… பா… பா…” என்றான். ஆச்சி சாயங்காலம் கோழிகளைக் கூப்பிடும் அதே குரல், அதே இழுப்பு. அத்தனை தலைகளில் ஒன்று மட்டும் நிமிர்ந்தது. மற்ற வாத்துகளை மிதித்துக்கொண்டு ஓடி வந்தது.

“இது கோழியாணல்லோ!” என்று சிரித்தார் வாத்துக்காரர். தின்ற தீனிக்கு அது அங்கே இட்ட முட்டைகள் சரியாகப் போயிற்று என்று கணக்கு முடித்தார்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே மதில். ஆச்சி சிரட்டை தட்டும் நேரத்தில் அவன் அந்தப் பக்கம் பாடம் படித்துக்கொண்டிருப்பான். இந்தப் பக்கம் நான் காமிக்ஸில் இருப்பேன்.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பத்து வயதில் யார் கேட்கிறார்கள்? மறுநாளிலிருந்து பழையபடி சேர்ந்து பள்ளிக்கூடம் போனோம். அவன் இப்போது புனலூரில் இருக்கிறான். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வான். செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதை 2010இல் மூடப்பட்டு, 2018இல் அகலப் பாதையாகத் திறந்தபோது, முதல் வாரமே ரயிலேறி வந்து “என்னலே தாசில்தார்” என்று வாசலில் நின்றான். அன்று முழுக்கப் பேசினோம். அந்த ஜாமென்ட்ரி பாக்ஸை யார் வாங்கித் தந்தது என்று மட்டும் நான் கேட்கவில்லை.

என்னவோ ஓர் அத்தியாயத்தை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? எடுத்தால் கதையை எனக்கு அனுப்ப வேண்டாம். சிசிடிவியை எடுங்கள், லாரியை எடுங்கள். ‘கடுவன்’ என்று எழுதிய இடங்களையும் திருத்திவிடாதீர்கள், பரணில் ஏறிப் பார்க்கும்வரை பிள்ளைகள் அப்படியே நம்பிக்கொண்டிருக்கட்டும். எத்தனை குட்டி, என்னென்ன நிறம் என்று மட்டும் முடிவு செய்து எழுதுங்கள். பேத்தி கேட்கிறாள்.