காளான் சுக்கா ஏன் சொதசொதவென்று ஆகிறது?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கறி கிடையாது. மட்டன் சுக்கா செய்யும் அதே பக்குவத்தில் காளானில் செய்கிறேன், ஆனால் தண்ணீர் விட்டுக் கூட்டு மாதிரி ஆகிவிடுகிறது. பையன்கள் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மறுபடியும் பசி என்கிறார்கள். மசாலா போதவில்லையா?"

மசாலாவில் ஒரு குறையும் இல்லை. கறிக்குச் செய்வதை அப்படியே காளானுக்கும் செய்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். பட்டன் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெங்காயம், தக்காளி வதக்கி அதன் மேல் காளானைக் கொட்டி, உப்புப் போட்டு மூடினால் அந்தத் தண்ணீரெல்லாம் வெளியே வந்து காளான் அதிலேயே அவிந்துபோகும். தண்ணீர் நிற்கும்வரை சட்டியில் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, நாம் தேடுகிற அந்தச் சிவந்த வறுவல் ருசியோ அதற்கு மேல் சூடு ஏறினால்தான் வரும்.

அதனால் முதலில் தண்ணீரை விரட்டுங்கள், மசாலா அப்புறம். அகலமான இரும்புக் கடாயை நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் இல்லாமல், இரண்டாக நறுக்கிய காளானை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். தீ கூடுதலாகவே இருக்கட்டும், மூடி வேண்டாம், உப்பு வேண்டாம். கொஞ்ச நேரத்தில் கீச் கீச்சென்று சத்தம் வரும், தண்ணீர் பொங்கி நிற்கும், பயப்படாதீர்கள். அது முழுக்க வற்றிக் காளான் பாதியாகச் சுருங்கிய பிறகு இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கிளறாமல் ஒரு பக்கம் சிவக்கவிட்டுப் பிறகு திருப்புங்கள். அதிகம் வெந்தால் ரப்பராகிவிடும் என்ற பயம் வேண்டாம். காளானின் செல் சுவரில் இருப்பது கைட்டின், இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள், அது லேசில் கரையாது. சிவந்ததை எடுத்து வைத்துவிட்டு, அதே கடாயில் சோம்பு, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, உங்கள் சுக்காப் பொடி எல்லாம் வதக்கி, காளானையும் தேங்காய்ப் பல்லையும் போட்டுப் புரட்டி, கடைசியில் உப்பும் மிளகும். தேங்காய்ப் பல்லை விட்டுவிடாதீர்கள், கறியில் இருக்கும் கொழுப்பு காளானில் கிடையாது, அந்த இடத்தை அதுதான் நிரப்பும். சிப்பிக்காளான் கிடைத்தால் சுக்காவுக்கு அது இன்னும் நன்றாக இருக்கும், கத்தியே வேண்டாம், கையால் நார் நாராகக் கிழியுங்கள். பால் காளானின் கெட்டித் தண்டும் அருமை. நம் வெயிலுக்கு ஏற்ற காளான் அது, கோவை வேளாண் பல்கலைக்கழகம் ரகம் வெளியிட்டு இவ்வளவு காலமாகியும் பக்கத்துக் கடையில் கேட்டால் விழிக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் சொதசொதப்பு போகவில்லை என்றால் வாங்கிய காளானைச் சந்தேகப்படுங்கள். இதைத்தான் நான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் காளானைப் பார்த்து மயங்காதீர்கள். வெள்ளையாக இருந்தால்தான் விற்கும் என்று சல்பைட் என்ற வெளுக்க வைக்கும் ரசாயனக் கரைசலில் முக்கி எடுக்கிற வியாபாரிகள் இருக்கிறார்கள். அப்படி முக்கி எடுத்தால் ஈரம் ஒட்டிக்கொள்ளும், பழைய சரக்கும் புதுசு போலத் தெரியும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பும் வரலாம். லேசாகப் பழுப்பு ஏறியிருப்பது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. நறுக்கிய வாழைக்காய் கறுப்பது போல அது காற்றுப் பட்டு வருகிற நிறம். ஆனால் ஒன்று, பழுப்பு காய்ந்த பழுப்பாக இருக்க வேண்டும். பழுப்போடு பிசுபிசுப்பும் சேர்ந்திருந்தால் வேண்டாம், விரலில் வழுக்கினால் வேண்டாம், பாக்கெட்டின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றாலும் வேண்டாம். குடை விரிந்து அடியில் கறுப்பு மடிப்புத் தெரிந்தாலும், காய்ந்து உறுதியாக இருந்தால் அதை வாங்கலாம், ருசி கொஞ்சம் கூடவே இருக்கும். தேதியை மட்டும் நம்பாதீர்கள், தேதி ஸ்டிக்கரின் மேல் இன்னொரு ஸ்டிக்கரை நானே உரித்துப் பார்த்திருக்கிறேன். மாம்பழ சீசனில் கல் வைத்துப் பழுக்க வைத்ததைப் பிடிக்கிறோம் என்று கேமராவோடு கிளம்புகிற அதிகாரிகள் காளான் பாக்கெட்டையும் ஒரு நாள் பிரித்துப் பார்க்கலாமே, யார் கேட்பது? ராத்திரி ஃபிரிட்ஜை அணைத்து வைக்கும் கடையில் வாங்கவே வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பருத்தித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாளில் சமைத்துவிடுங்கள். சமைக்கும் முன் ஒரு அலசு அலசித் துடைத்தால் போதும்.

பசிக்கு வருகிறேன். நூறு கிராம் பச்சைக் காளானில் புரதம் மூன்று கிராம் அளவுதான், ஆட்டுக்கறியில் இருபது. காளான் கறிக்குச் சமம் என்று பாக்கெட்டில் அச்சடிக்கிறார்கள், ருசியில் சரி, புரதத்தில் இல்லை. அதனால் சுக்காவை இறக்குவதற்கு முன் அவித்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம் சேர்த்துப் புரட்டுங்கள், அல்லது மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து காளானோடு சேர்த்தே வறுத்துவிடுங்கள். நான்கு பேருக்கு இரண்டு பாக்கெட் காளான் என்று கணக்குப் போடாதீர்கள், சுருங்கிய பிறகு ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும். மூன்று பாக்கெட்டாவது வாங்குங்கள், கடாய் சின்னதென்றால் இரண்டு ஈடாக வறுங்கள்.